ஓவியத்தில் நிற்கும் இந்தச் சாமியார் யார்? திருச்சபைப் படங்களைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய காலண்டர் படம் சட்டம் போட்டுத் தொங்கியது. சிவப்பு அங்கி, நெஞ்சுவரை வெள்ளைத் தாடி, மேசையில் விரித்த புத்தகம், காலடியில் பூனைபோலப் படுத்திருக்கும் சிங்கம், சுவர் ஆணியில் அகலமான ஒரு சிவப்புத் தொப்பி. பாட்டி அவரைக் ‘கர்தினால் சாமி’ என்றுதான் சொல்வார். அது விவிலியத்தை இலத்தீனுக்குக் கொண்டுவந்த புனித ஜெரோம் என்று எனக்குத் தெரியவந்தது வெகுகாலம் கழித்து. ஜெரோம் இறந்தது 420இல். கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பியைப் போப்பாண்டவர் நான்காம் இன்னசன்ட் கொடுத்தது 1245இல். அந்தத் தொப்பியை ஜெரோம் கனவில்கூடக் கண்டிருக்க முடியாது.

அப்படியானால் ஓவியர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. ஜெரோம் ரோமில் போப்பாண்டவர் தமாசுஸிடம் செயலாளராக இருந்தவர். போப்புக்குப் பக்கத்தில் இருப்பவர் என்றால், 15ஆம் நூற்றாண்டு ஓவியருக்கும் அவர் படத்தைப் பார்த்தவர்களுக்கும் கர்தினால்தான் நினைவுக்கு வருவார். எனவே தங்கள் காலத்துத் துணியை எடுத்து ஜெரோமுக்கு உடுத்தினார்கள். ஆல்பிரெக்ட் டியூரர் 1514இல் செதுக்கிய செப்புத்தகட்டுப் படத்திலும் அதே தொப்பி சுவரில் தொங்குகிறது, அதே சிங்கம் முன்னால் படுத்திருக்கிறது. அந்தச் சிங்கமே இன்னொருவரிடம் இரவல் வாங்கியது. முள் தைத்த சிங்கத்துக்கு மருந்திட்ட கதை முதலில் புனித ஜெராசிமுஸ் என்ற பாலஸ்தீனத் துறவியுடையது.

திருச்சபை வரலாற்றுப் படங்களைப் பார்க்கும்போது நாம் வழுக்கி விழும் இடம் இதுதான். படம் எந்தக் காலத்தைக் காட்டுகிறதோ அந்தக் காலத்தின் சாட்சியாக அதை எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது வரையப்பட்ட காலத்தின் சாட்சி. கோயிலிலோ அருங்காட்சியகத்திலோ கைபேசித் திரையிலோ எதிர்ப்படும் எந்தப் படத்தையும், இதை மனதில் வைத்து நீங்களாகவே படிக்கலாம். நான் பின்பற்றும் வரிசையை அப்படியே சொல்கிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

முதல் படி: இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள்

நோட்டில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ‘நடந்தது’, வலப்பக்கம் ‘வரைந்தது’. வேறெதையும் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டையும் நிரப்புங்கள். படத்துக்குக் கீழே உள்ள குறிப்பில் வலப்பக்க ஆண்டு பெரும்பாலும் இருக்கும். இடப்பக்க ஆண்டை நாம்தான் தேட வேண்டியிருக்கும்.

வத்திக்கானில் ராஃபேல் வரைந்த ஒரு சுவரோவியத்தை எடுத்துக்கொள்வோம். ஹூணர் தலைவன் அத்திலா இத்தாலிக்குள் படையோடு வருகிறான். போப்பாண்டவர் முதலாம் லியோ அவனை எதிர்கொண்டு பேசித் திருப்பி அனுப்புகிறார். நடந்தது: 452. வரைந்தது: 1514. சந்திப்பு நிகழ்ந்தது வடக்கே, மாந்துவாவுக்கு அருகில், மின்ச்சோ ஆற்றங்கரையில். ஓவியத்திலோ பின்னணியில் ரோம் நகரமும் கொலோசியமும். வெள்ளைக் குதிரையில் வரும் லியோவின் முகத்தைப் பாருங்கள். கொழுத்த கன்னம், சதைப்பிடிப்பான தாடை. அது 1513இல் பதவியேற்ற பத்தாம் லியோவின் முகம்.

இதற்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஓவியம் திட்டமிடப்பட்டபோது போப்பாக இருந்தவர் இரண்டாம் ஜூலியஸ். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். அடுத்து வந்த பத்தாம் லியோ கர்தினாலாக இருந்தபோதே போப்பின் பின்னால் வருபவராக வரையப்பட்டிருந்தார். பிறகு போப்பின் முகமும் அவருடையதே ஆனது. ஒரே மனிதர் ஒரே சுவரில் இரண்டு முறை, கர்தினாலாகவும் போப்பாகவும்! 452இல் என்ன நடந்தது என்று அறிய இந்த ஓவியம் அநேகமாக உதவாது. 1514இல் ரோமில் யார் ஆட்சி, அவர் தன்னை யாராக எண்ணிக்கொள்ள விரும்பினார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இரண்டாம் படி: தலையிலிருந்து தொடங்குங்கள்

ஆள் யார் என்று தெரியாதபோது தலையைப் பாருங்கள். பதவி அங்கேதான் முதலில் தெரியும்.

உச்சியை மழித்து, சுற்றிலும் வளையம்போல முடி விட்டிருந்தால் அவர் துறவி அல்லது குருத்துவ நிலையில் சேர்ந்தவர். இந்த மழிப்பு சிறிய விஷயமல்ல. எந்த வடிவில் மழிப்பது என்பதில் ஐரிஷ் மரபினருக்கும் ரோம் மரபினருக்கும் பெரிய பிணக்கே இருந்தது. 664இல் இங்கிலாந்தின் விட்பி சங்கத்தில் ரோம் பக்கம் தீர்ப்பானது. வழக்கத்தை 1972இல் போப்பாண்டவர் ஆறாம் பவுல்தான் முடித்துவைத்தார்.

முன்னும் பின்னும் கூராக எழும் மைட்டர் தொப்பி என்றால் ஆயர். சில மடாதிபதிகளும் அதை அணிவதுண்டு. ஆனால் இந்தத் தொப்பி மேற்கில் பழக்கத்துக்கு வந்தது 11ஆம் நூற்றாண்டில். தொடக்கத்தில் அதன் கூர்கள் காதுப்பக்கமாக இருந்தன. 12ஆம் நூற்றாண்டில்தான் முன்பின்னாகத் திரும்பின. எனவே 4ஆம் நூற்றாண்டு ஆயர்களான அம்புரோசியாரும் அகுஸ்தினாரும் உயர்ந்த மைட்டரோடு நிற்கும் படம் அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கிழக்குத் திருச்சபையின் ஐகான்களில் புனித நிக்கோலாஸ் வெறுந்தலையோடு, தோளில் சிலுவை போட்ட வெண்பட்டையோடு, கையில் நற்செய்தி நூலோடு இருப்பார். மேற்கத்திய ஓவியத்தில் அதே நிக்கோலாஸ் மைட்டரும் மூன்று தங்க உருண்டைகளுமாக வருவார். ஆள் ஒருவர்தான், உடுத்திவிட்ட கைகள் வேறு.

மூன்றடுக்கு மகுடம் போப்பாண்டவருக்கு உரியது. அது மூன்றடுக்கானது 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு முன் ஒன்றும் இரண்டுமாக இருந்தது. பேதுருவின் தலையில் மூன்றடுக்கு மகுடத்தைக் கண்டால் முதல் படிக்குத் திரும்பிப் போங்கள்.

கர்தினாலின் அகலத் தொப்பிக்கு இரு பக்கமும் குஞ்சம் தொங்கும். தலையில் இல்லாவிட்டால் சுவரிலோ தரையிலோ மரக்கிளையிலோ தேடுங்கள். புனித பொனவெந்தூர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தூதர்கள் தொப்பியோடு வந்தார்களாம். கை ஈரம், மரத்தில் மாட்டுங்கள் என்றாராம். அதனால் அவர் படத்தில் தொப்பி மரத்தில் தொங்கும். கதை மெய்யோ இல்லையோ, அடையாளமாக நிலைத்துவிட்டது.

தாடியும் காலம் சொல்லும். இரண்டாம் ஜூலியஸ் பொலோஞ்ஞா நகரை இழந்த துயரில் தாடி வளர்த்தார். லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள ராஃபேலின் படத்தில் அவர் நீண்ட வெண்தாடியோடு குனிந்த பார்வையோடு உட்கார்ந்திருக்கிறார். 1512இல் மழித்துவிட்டார் என்பதால் படத்தின் காலம் 1511, 1512 என்று நெருக்கிச் சொல்ல முடிகிறது. 1527இல் ரோம் சூறையாடப்பட்ட பிறகு ஏழாம் கிளமென்ட் தாடி விட்டார். அதிலிருந்து 1700இல் இறந்த பன்னிரண்டாம் இன்னசன்ட் வரை எல்லாப் போப்புகளும் தாடிக்காரர்கள்தான். வெலாஸ்கெஸ் 1650இல் வரைந்த பத்தாம் இன்னசன்டின் கூரிய முகமும் அந்த வரிசையில் ஒன்று.

மூன்றாம் படி: தோளும் துணியும்

துறவு சபையைத் துணியின் நிறம் காட்டிக்கொடுக்கும். கறுப்பு என்றால் பெரும்பாலும் பெனடிக்ட் சபை. வெள்ளை அங்கிமேல் கறுப்பு மேலாடை என்றால் தோமினிக் சபை, நம் ஊர்ப் பெரியவர்கள் சாமிநாதர் சபை என்பார்களே, அதுதான். பழுப்பு அல்லது சாம்பல் அங்கியும் இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறும் என்றால் பிரான்சிஸ்கன். அந்த மூன்று முடிச்சுகள் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வாக்குறுதிகள். பழுப்பின் மேல் வெள்ளை மேலாடை கார்மெல் சபை. தலைமுதல் கால்வரை முழு வெள்ளை கார்த்தூசியன். ஸ்பானிய ஓவியர் சுர்பரான் அந்த வெள்ளைத் துணியின் மடிப்புகளை வரைந்ததைப் பார்த்தால், வெள்ளைக்குள் இத்தனை நிறமா என்று தோன்றும்.

நம் வீடுகளில் உள்ள அந்தோனியார் படத்தில் இதை உடனே சோதித்துப் பார்க்கலாம். பழுப்பு அங்கி, கயிறு, மழித்த உச்சி. ஆகவே பிரான்சிஸ்கன். கையில் குழந்தை இயேசு, லீலி மலர். ஆகவே பதுவை அந்தோனியார். வனத்து அந்தோனியார் இவரல்ல. அவர் எகிப்துப் பாலைவனத்துக் கிழவர், தாடியும் கோலும் அருகில் பன்றியுமாக இருப்பார்.

சபைகள் தங்கள் நிறத்தை எவ்வளவு பெருமையாக நினைத்தன என்பதற்கு பிளாரன்ஸில் ஒரு சுவர் இருக்கிறது. சாந்தா மரியா நொவெல்லா தோமினிக் மடத்தின் ஒரு மண்டபத்தில் ஆந்திரேயா தி பொனாயுத்தோ 1365 முதல் 1367 வரை வரைந்தது. போப்பாண்டவரும் பேரரசரும் அருகருகே வீற்றிருக்க, அவர்கள் காலடியில் ஆடுகள் படுத்திருக்கின்றன. அவற்றைக் காப்பவை கறுப்பும் வெள்ளையுமான நாய்கள். தோமினிக் சபையின் இலத்தீன் பெயரைப் பிரித்தால் ‘ஆண்டவரின் நாய்கள்’ என்று பொருள் வரும். ஓவியர் அந்தச் சிலேடையையே வண்ணத்தில் போட்டுவிட்டார். காளமேகப் புலவரின் ஊர்க்காரர்களான நமக்கு இது சட்டென்று பிடிபடும். இன்னொன்று: பின்னணியில் பிளாரன்ஸ் பேராலயம் முழுக் குவிமாடத்தோடு நிற்கிறது. புரூனெல்லெஸ்கி அந்தக் குவிமாடத்தைத் தொடங்கியதே 1420இல். படத்தில் கட்டடம் இருக்கிறது என்பதற்காக அன்று அது ஊரில் இருந்தது என்று எழுதிவிடக் கூடாது.

கழுத்தைச் சுற்றி முன்னால் தொங்கும், சிலுவைகள் போட்ட குறுகிய வெள்ளைக் கம்பளிப் பட்டை தெரிந்தால் அதன் பெயர் பாலியம். போப்புக்கும் பேராயர்களுக்கும் உரியது. மைட்டர் இல்லாத பழைய படங்களில் இதுவே நமக்குப் பிடிமானம்.

நான்காம் படி: கையும் காலடியும்

வளைந்த முனையுள்ள மேய்ப்பர் கோல் ஆயருக்கு. திறவுகோல் பேதுருவுக்கு. இரும்புக் கட்டில்போன்ற அடுப்பு, திருத்தொண்டர் இலாரன்சுக்கு. தலையில் கல் இருந்தால் ஸ்தேவான். இந்தப் பொருள்கள் எழுத்தறியாத மக்களுக்கான பெயர்ப்பலகைகள்.

காலடியையும் விடாதீர்கள். சியெனா பெர்னார்தீன் படங்களில் மூன்று மைட்டர் தொப்பிகள் தரையில் கிடக்கும். மூன்று நகரங்களுக்கு ஆயராக அழைத்தும் மறுத்தவர் அவர். தலையில் ஏறாத பதவி காலடியில் கிடக்கிறது. ஒரு வாழ்க்கை வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

தலையில் வாள் பாய்ந்த பேராயர் என்றால் அநேகமாக கான்டர்பரியின் தாமஸ் பெக்கெட். 1170 டிசம்பர் 29 அன்று நான்கு வீரர்கள் அவரைப் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். பல படங்களில் அவர் பூசை உடையில் பலிபீடத்தின்முன் மண்டியிட்டிருப்பார். உண்மையில் அது மாலை மன்றாட்டு நேரம். அவர் பூசை வைத்துக்கொண்டிருக்கவில்லை. விழுந்த இடமும் பேராலயத்தின் வடக்குப் பக்கச் சிறகு. ஓவியர்கள் அவரைப் பலிபீடத்துக்கு நகர்த்தினார்கள், அவர் சாவே ஒரு பலி என்று சொல்வதற்காக. இப்படி ஒரு நகர்த்தலைக் கண்டுபிடித்தால் தவறு என்று அடித்துவிட்டுப் போகாதீர்கள். ஏன் நகர்த்தினார்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: ஒளிவட்டம் வட்டமா, சதுரமா?

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ரோமில் சாந்தா பிரசேதே ஆலயத்தின் 9ஆம் நூற்றாண்டு மொசைக்கில் போப்பாண்டவர் முதலாம் பாஸ்கால், ஆலயத்தின் சிறு வடிவத்தைக் கையில் ஏந்தி நிற்கிறார். மற்றவர்களுக்கு வட்டமான ஒளி. அவர் தலைக்குப் பின்னால் மட்டும் நீலச் சதுரம். படம் செய்தபோது அவர் உயிரோடு இருந்தார் என்பதன் குறி அது. சதுரம் கண்டால் உங்கள் நோட்டின் இரண்டு ஆண்டுகளும் ஒன்றாகிவிடும். அப்படிக் கிடைப்பது அரிது.

ஆறாம் படி: யார் யாருக்கு முன்னால்?

இங்கே அவசரப்படாதீர்கள். நான் ஒரு படத்தில் அதிக நேரம் நிற்பது இந்தப் படியில்தான்.

இத்தாலியின் ராவென்னா நகரில் சான் வித்தாலே ஆலயம் 547இல் அருச்சிக்கப்பட்டது. பலிபீடப் பகுதியின் சுவரில் பேரரசர் ஜஸ்டினியனும் அவர் பரிவாரமும் மொசைக்காக நிற்கிறார்கள். நடுவில் ஊதா மேலாடையும் ஒளிவட்டமும் தங்கக் கிண்ணமுமாகப் பேரரசர். ஒரு பக்கம் அதிகாரிகள், வீரர்கள். வீரரின் கேடயத்தில் கிறிஸ்துவின் பெயர்க்குறி. மறு பக்கம் ஆயர் மாக்ஸிமியானுஸ், கையில் மணிகள் பதித்த சிலுவை. அவருக்கு அப்பால் இரண்டு திருத்தொண்டர்கள், ஒருவர் நற்செய்தி நூலோடு, இன்னொருவர் தூபக்கலசத்தோடு.

இத்தனை பேரில் தலைக்கு மேலே பெயர் எழுதப்பட்டிருப்பது ஒருவருக்குத்தான், பேரரசருக்கல்ல, ஆயருக்கு! காரணம் இருக்கிறது. மாக்ஸிமியானுஸ் ராவென்னாக்காரர் அல்ல, ஜஸ்டினியன் பார்த்து அனுப்பியவர். ஊர் மக்கள் முதலில் அவரை ஏற்கவில்லை. பேரரசரின் பக்கத்தில், பெயரோடு, பளபளக்கும் கல்லில் நிற்பது அவருக்குத் தேவைப்பட்டது. அந்தத் தலையும் பெயரும் முன்பிருந்த ஆயர் விக்டரின் உருவத்தை மாற்றி வைத்தவை என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

இப்போது கால்களைப் பாருங்கள். ஆயரின் பாதம் பேரரசரின் பாதத்தைவிட முன்னால் வந்திருக்கிறது. அப்படியானால் ஆயர்தான் முன்னே நிற்கிறார். ஆனால் மேலே பார்த்தால் பேரரசரின் கையும் கிண்ணமும் ஆயரின் உடலை மறைத்து முன்னால் வருகின்றன. அப்படியானால் பேரரசர்தான் முன்னே. பாதத்தில் திருச்சபை முந்துகிறது, கையில் அரசு முந்துகிறது. கலைஞர் கைதவறிச் செய்தது என்று சொல்பவர்களும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் பெரியவர் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல், இருவரையும் கோபப்படுத்தாமல் வேலையை முடித்த ஒரு கைத்தேர்ந்த ஆளையே நான் அங்கே காண்கிறேன்.

ஜஸ்டினியன் ராவென்னாவுக்கு வந்ததே இல்லை. இந்த ஊர்வலம் நடந்த நாள் என்று ஒன்று கிடையாது. உங்கள் நோட்டில் இடப்பக்கம் காலியாகவே இருக்கும்.

ஏழாம் படி: காசு கொடுத்தவர் யார்?

ஓவியத்தின் ஓரத்தில் கைகூப்பியோ மண்டியிட்டோ, புனிதர்களின் கூட்டத்தோடு ஒட்டாத முகத்தோடு ஒருவர் இருந்தால், பெரும்பாலும் அவர்தான் பணம் கொடுத்தவர்.

புரூஜ் நகரில் யான் வான் எய்க் 1436இல் முடித்த பலகை ஓவியம் இதற்குப் பாடம்போல. நடுவில் மரியாவும் குழந்தையும். இடப்பக்கம் நீலமும் பொன்னுமான பூசை மேலாடையில் புனித தொனாசியன், கையில் ஐந்து மெழுகுவர்த்திகள் ஏற்றிய சக்கரம். வலப்பக்கம் கவசத்தோடு புனித ஜார்ஜ். அவருக்கு முன்னால் வெள்ளை மேலங்கியில் முழங்காலிட்டிருக்கும் கிழவர் யோரிஸ் வான் தெர் பாலே, அந்த ஊர்ப் புனித தொனாசியன் ஆலயத்தின் குருக்கள் குழு உறுப்பினர். யோரிஸ் என்பது ஜார்ஜ்தான். அவருடைய பெயர்ப் புனிதர் தொப்பியைத் தூக்கி, ‘இவர் நம்ம ஆள்’ என்பதுபோல மரியாவிடம் அறிமுகப்படுத்துகிறார்.

அந்தக் கிழவரின் முகத்தருகே போங்கள். நெற்றிப்பொட்டில் புடைத்த நரம்பு. தொங்கும் கன்னம். கழுத்தில் அடுக்கடுக்காகச் சுருக்கம். கையில் மூக்குக்கண்ணாடி, இன்னொரு கையில் ஜெபநூல். வாசித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்திருக்கிறார், ஆனால் பார்வை மரியாவின் மேல் பதியவில்லை. எதிரே எங்கோ நிற்கிறது. புனிதர்கள் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை, இவர் முகத்தில் சுருக்கமில்லாத இடமே இல்லை. வயதும் நோயும் உள்ள ஒரு மனிதர் தன் சாவுக்குத் தயாராவதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய ஓவியம் எனக்கு வேறு தெரியாது. சட்டத்தில் எழுதியிருக்கும் வாசகம் கணக்கையும் சொல்லிவிடுகிறது: ஓவியத்தைச் செய்வித்தவர் இவர், கூடவே இரண்டு குருக்களுக்கான பணியிடங்களுக்கும் நிதி வைத்திருக்கிறார். தன் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ள ஆள் வைத்துவிட்டுப் போகிறார். அந்த ஆலயம் 1799இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஓவியம் மட்டும் அதே ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பணம் கொடுப்பவர் தனிமனிதராக இல்லாமல் ஒரு சபையாகவும் இருக்கலாம். நம் முத்துக்குளித்துறையில் 1542 முதல் சில ஆண்டுகள் நடந்து திரிந்த சவேரியாரை ரூபன்ஸ் 1617, 1618வாக்கில் ஆண்ட்வெர்ப் இயேசு சபை ஆலயத்துக்காக மிகப் பெரிதாக வரைந்தார். கறுப்பு அங்கியில் உயரமான மேடையில் சவேரியார், கீழே உயிர்பெற்று எழுபவர்கள், பின்னால் நொறுங்கி விழும் கோயில் சிலை. கோயிலுக்கு ரோமானியத் தூண்கள்! ரூபன்ஸ் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. தூத்துக்குடிக் கடற்கரையையோ பரதவர் குடிசையையோ அதில் தேடினால் ஏமாற்றம்தான். சவேரியார் புனிதராக அறிவிக்கப்பட்டது 1622இல், ஓவியம் அதற்கு முன்பே. இவரைப் புனிதராக்க வேண்டும் என்ற இயேசு சபையின் விண்ணப்பமாகவே அதைப் படிக்க வேண்டும்.

எட்டாம் படி: அச்சுப் படம் என்றால், தாக்குகிறதா தாங்குகிறதா?

ஓவியம் ஒரு சுவரில் இருக்கும். மரக்கட்டை அச்சு ஊர் ஊராகப் போகும். 16ஆம் நூற்றாண்டில் ரோமுக்கும் அதை எதிர்த்துப் பிரிந்த சீர்திருத்தக்காரர்களுக்கும் சண்டை அச்சில்தான் நடந்தது.

அந்தப் பிரிவைத் தொடங்கிய மார்ட்டின் லூதரின் படங்களையே வரிசையாக வையுங்கள். எல்லாம் ஜெர்மன் ஓவியர் லூக்காஸ் கிரானாக் செய்தவை. 1520இல் மழித்த உச்சியும் ஒட்டிய கன்னமுமாக அகுஸ்தினார் சபைத் துறவி. 1521இல் அறிஞர் தொப்பியோடு. 1522இல் அடர்ந்த தாடியோடு, வார்ட்புர்க் கோட்டையில் ஒளிந்திருந்த நாளின் குதிரைவீரர் வேடம். மூன்று ஆண்டுக்குள் துறவி, அறிஞர், குதிரைவீரர். ஒவ்வொரு படமும் அந்தந்த நேரத்தில் மக்கள் எந்த லூதரைக் காண வேண்டுமோ அதைக் காட்டியது.

அதே கிரானாக் பட்டறையிலிருந்து 1521இல் 26 மரக்கட்டைப் படங்கள் 13 இணைகளாக வெளிவந்தன. ஒரு பக்கம் கிறிஸ்து சீடர்களின் பாதம் கழுவுகிறார், எதிர்ப்பக்கம் போப் தன் பாதத்தை முத்தமிடக் கொடுக்கிறார். வாசிக்கத் தெரியாதவருக்கும் புரிந்துவிடும். இத்தகைய படங்களில் உடையின் விவரம் மிகச் சரியாகவே இருக்கும், ஏனென்றால் யாரை அடிக்கிறோம் என்பது தெரிய வேண்டுமே. குணத்துக்கு அதைச் சாட்சியாக எடுக்கக் கூடாது, துணிக்கு எடுக்கலாம்.

1522 செப்டம்பரில் லூதரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு வந்தபோது, வெளிப்பாட்டு நூலில் வரும் பாபிலோன் வேசியின் தலையில் போப்பின் மூன்றடுக்கு மகுடம் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு டிசம்பர்ப் பதிப்பில் மேலிரண்டு அடுக்குகளையும் கட்டையிலிருந்தே செதுக்கி எடுத்துவிட்டார்கள். மகுடம் இருந்த இடத்தில் வெற்றிடம் தெரியும். இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒன்பதாம் படி: சுரண்டிய இடத்தைத் தேடுங்கள்

படத்தில் இருப்பதைப் போலவே இல்லாததும் பேசும். 1538இல் எட்டாம் ஹென்றி பெக்கெட்டின் படங்களை ஒழிக்கவும் அவர் பெயரை நூல்களிலிருந்து நீக்கவும் ஆணையிட்டார். அரசனை எதிர்த்த பேராயர் புனிதராக இருப்பதை எந்த அரசன் பொறுப்பான்? அதனால் இங்கிலாந்தின் பழைய ஜெபநூல்களில் அவர் பெயர் சுரண்டியோ அடித்தோ இருக்கும். முகம் மட்டும் தேய்ந்து உடை அழியாமல் இருந்தால், அது காலத்தால் அழிந்ததா, கத்தியால் அழிந்ததா என்று பாருங்கள்.

காலம் செய்யும் வேலையையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அசிசி மேல் ஆலயத்தில் சிமாபுவேயின் சுவரோவியங்களில் வெளிச்சமான இடமெல்லாம் கறுத்து, புகைப்பட நெகட்டிவ்போல இருக்கும். அவர் பூசிய ஈயவெள்ளை கறுத்ததன் விளைவு அது. வானதூதர்களின் கருமையில் மறைபொருள் எதுவும் தேட வேண்டாம்.

பத்தாம் படி: உங்கள் கையில் இருப்பது மூலமா, நகலா?

இது சுருக்கமானது, ஆனால் பலமுறை என்னைக் காப்பாற்றியது. ஆசீர்வதிக்கும் கை வலக்கையா என்று பாருங்கள். ஆயரோ போப்போ இடக்கையால் ஆசீர்வதித்தால், படம் இடவலமாகத் திரும்பியிருக்க அதிக வாய்ப்பு. தகட்டில் செதுக்கியது தாளில் திரும்பி விழும். மூல ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கியவர் அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருப்பார். இணையத்தில் வரும் படங்களிலும் இது நடக்கிறது. அருங்காட்சியகத்தின் சொந்தப் பக்கத்தில் ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுப் பிறகு எழுதுங்கள். நிறத்தையும் அப்படியே. கர்தினால் சிவப்பு திரைக்குத் திரை மாறும்.

இனி நேரில்: தஞ்சாவூர்

பத்துப் படிகளையும் ஐரோப்பாவுக்குப் போகாமலேயே பழகலாம். தஞ்சாவூரில் சிவகங்கைக் குளத்தருகே சுவார்ட்ஸ் ஆலயம் இருக்கிறது. உள்ளே ஒரு வெண்பளிங்குப் புடைப்புச் சிற்பம். லூத்தரன் போதகர் கிறிஸ்தியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் மரணப் படுக்கையில் கிடக்கிறார். அருகில் அவர் கையைப் பற்றியபடி இரண்டாம் சரபோஜி மன்னர். பின்னால் சக போதகர் கெரிக்கே. பக்கத்தில் பள்ளிச் சிறுவர்கள்.

நோட்டை எடுங்கள். நடந்தது: 1798 பிப்ரவரி. செய்தது: அடுத்த நூற்றாண்டின் தொடக்கம், லண்டனில், ஜான் ஃப்ளாக்ஸ்மன் என்ற சிற்பியின் பட்டறையில். அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. காசு கொடுத்தவர்? படத்திலேயே நிற்கிறார், மன்னர்தான். ஆனால் வான் தெர் பாலேபோல முழங்காலிட்டு அல்ல, நோயாளியைப் பார்க்கவந்த மகனைப்போல. சிறுவயதில் தன்னைக் காத்து வளர்த்த போதகருக்கு, கடைசிவரை மதம் மாறாத ஓர் இந்து மன்னர் வைத்த நினைவுக்கல் அது. மண்டியிடும் புரவலரை ஐரோப்பாவில் எத்தனையோ படங்களில் பார்த்துவிட்டு இங்கே வந்து நின்றால், அந்தப் பற்றிய கை நெஞ்சைத் தொடுகிறது.

பிறகு சென்னைக்கு வந்தால், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் புனித மரியன்னை ஆலயத்தில் அதே சுவார்ட்ஸுக்கு இன்னொரு பளிங்குச் சின்னம். செய்தவர் ஜான் பேக்கன், செலவு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. ஒரே மனிதர், ஒரே மரணம், இரண்டு புரவலர்கள். முதலில் தஞ்சாவூர், அடுத்து கோட்டை என்ற வரிசையில் பாருங்கள். படுக்கையைச் சுற்றி யார் நிற்கிறார்கள், யார் இல்லை, கல்வெட்டு எந்தப் பணியைப் புகழ்கிறது என்று இரண்டு பத்திகளாக எழுதுங்கள்.

கோட்டையிலிருந்து மெரினா பக்கம்தான். வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப் ஆகிய மூன்று மதகுருமார்களின் சிலைகள் கடற்கரைச் சாலையில் நிற்கின்றன. வீரமாமுனிவர் இறந்தது 1747இல். சிலை வைத்தது 1968இல், உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி. ஒருவர் இயேசு சபைக் குரு, ஒருவர் ஆங்கிலிக்கன் ஆயர், ஒருவர் ஆங்கிலிக்கன் போதகர். மாநாடு அவர்களை எந்தக் கோலத்தில் நிறுத்தியிருக்கிறது, குருவாகவா, தமிழறிஞராகவா? தலையிலிருந்து தொடங்கிக் காலடிவரை பாருங்கள்.